உயிர் காக்கும் குழாயும் உறையும் குருதியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் முழங்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நமக்கு அளிக்கப்பெற்ற சிறு பொழுதில் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மங்கலமான விழா நாளில் இது தகுமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும் நம் மக்கள் இத்துணைப் பேர் ஒரே கூரையின் கீழ்க் கூடும் நாள் ஆண்டில் இஃது ஒன்றே. சொல்ல வேண்டியதை இன்று சொல்லாவிடில் வேறு என்று சொல்வது?

நாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிப்பவர். மருத்துவம் பேச நமக்கு என்ன தகுதி? திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிலிருந்து பேணுபவர் நான்காம் கூறு. அந்த நான்காம் கூற்றிலே நின்று தவறியவர் நாம். அத்தவற்றைக் கூறுவதே நமக்குரிய தகுதி.

எம் மைத்துனருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் இரண்டும் பழுதுபட்டன. வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் எனும் குருதிச் சுத்திகரிப்பு தேவையாயிற்று. உடலினின்று குருதியை வெளியே எடுத்துப் பொறியினுள் செலுத்தி மீண்டும் உடலுக்கே அனுப்ப வேண்டும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 முதல் 400 மில்லி லிட்டர் வரை குருதி ஓட வேண்டுமாதலின், கையில் குத்தும் சாதாரண ஊசி அதற்குப் போதாது. ஆகவே வலப்புறக் கழுத்துச் சிரையின் வழியே, இருதயத்தின் வாயில் வரை செல்லும் குழாய் ஒன்றைப் பொருத்தினர். கதீட்டர் என்பது அதன் பெயர். தோலுக்கு அடியில் சிறிது தூரம் சென்று மார்பில் வெளிவரும் நெடுநாட் குழாய் அது.

குழாய் பொருத்திய அன்றே மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "இது தற்காலிக வழி. கையில் ஃபிஸ்டுலா செய்துகொள்ளுங்கள். அது பழுக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். ஆகையால் இப்பொழுதே செய்யுங்கள்." நாமும் தலையசைத்தோம். அடுத்து ஆடி மாதம் வந்தது. ஆடியில் கத்தி வைக்க வேண்டாம் என்றனர் பெரியோர். பின்னர்த் தீபாவளி வந்தது. அதன்பின் பிள்ளையின் தேர்வு வந்தது. இப்படியே பதினொரு மாதம் சென்றது.

உண்மைக் காரணம் ஆடியுமன்று, தீபாவளியுமன்று. குழாய் வலிப்பதில்லை; அதுவே காரணம். ஃபிஸ்டுலா உள்ளவர்க்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பருத்த ஊசிகள் குத்த வேண்டும். குழாய் உள்ளவர்க்கோ மூடியைத் திறந்து பொருத்தினால் போதும். "இதுவே சுகமாக இருக்கிறதே" என்றார் மைத்துனர். நாமும் அதனை ஏற்றோம். அந்தச் சுகத்தின் விலை அப்பொழுது நமக்குத் தெரியாது.

பதினோராம் மாதத்தில் அவருடைய வலக் கை வீங்கிற்று. மோதிரம் இறுகிற்று. தோளில் கனமும் வலியும் தோன்றின. மார்பின்மீது நீல நரம்புகள் புடைத்துத் தெரிந்தன. இரவில் அக்கையின்மேல் படுத்துவிட்டார் என்று எண்ணினோம்! நல்லெண்ணெய் காய்ச்சி ஒன்பது நாள் நீவிவிட்டோம். டயாலிசிஸ் நிலையத்தில் பொறி அடிக்கடி ஒலி எழுப்பி, குருதி ஓட்டம் குறைவென்று காட்டிற்று. ஆனால் மைத்துனர் முழுக்கைச் சட்டை அணிந்து சென்றாராதலின் வீக்கத்தை அவர்கள் காணவில்லை, நாமும் கூறவில்லை.

பத்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு, காபி அருந்திக்கொண்டிருந்தவருடைய இடக் கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு புறம் கோணிற்று. சொல் குழறிற்று. இல்லத்தார் நமக்குத் தொலைபேசியில் தெரிவித்தபோது மணி ஏழு. அப்பொழுது அலுவலகத்தில் இருந்தோம். "வாயுப் பிடிப்பாக இருக்கும், படுக்க வையுங்கள், கணக்கை ஒப்படைத்துவிட்டு வருகிறோம்" என்றோம். பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஹாரிஸ் பாலத்து நெரிசலில் சிக்கி, அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது மணி பதினொன்றே கால். அங்கே மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. நாலே முக்கால் மணி நேரம் கடந்துவிட்டது என்று நாம் விடையிறுத்தபோது அவர் முகம் மாறியதை இன்றும் மறந்திலோம்.

மூளையில் அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணிக்குள் கொடுக்கப்பட வேண்டியது. அம்மருந்து எல்லோர்க்கும் ஏற்றதன்று. கொடுக்கலாமா கூடாதா என்பதை ஸ்கேன் படம் பார்த்து மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். எம் மைத்துனருக்கு அது ஏற்றதாக இருந்திருக்குமோ, இருந்திராதோ! அம்முடிவைச் செய்வதற்கே நாம் இடம் வைக்கவில்லை. அன்பர்களே, அதுவே நம் நெஞ்சை அறுக்கின்ற செய்தி.

இனி, கழுத்தில் உள்ள குழாய்க்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பதைக் காண்போம். பின்னர் மருத்துவர்கள் நமக்குப் பொறுமையுடன் விளக்கியதை எளிய முறையில் கூறுகிறோம்.

குருதி ஏன் உறைகிறது என்பதற்கு, 1856-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ சிந்தனை வழி வகுத்தார். ஓட்டம் தடைப்படுதல், குழாய்ச் சுவர் புண்படுதல், குருதியே உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் அவர் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்பெறுகின்றன. சிரையினுள் கிடக்கும் குழாய் இம்மூன்றையும் ஒருங்கே கொண்டு வருகிறது. குருதி செல்ல வேண்டிய இடத்தில் பாதியைத் தான் அடைத்துக்கொண்டு ஓட்டத்தை மந்தமாக்குகிறது. மூச்சுக்கு மூச்சு, அசைவுக்கு அசைவு, சிரையின் உட்சுவரை உராய்கிறது. நோயோ குருதியை முன்னரே உறையும் நிலைக்கு ஆளாக்கியிருக்கிறது. பொருத்திய சில நாட்களுக்குள்ளேயே குழாயைச் சுற்றி மெல்லிய உறை போலப் படலம் படிவது பலர்க்கு நேர்வதாம். பெரும்பாலோர்க்கு அது அவ்வளவோடு நின்றுவிடும். சிலர்க்கு அது வளர்ந்து கட்டியாகிச் சிரையையே அடைத்துவிடும்.

இரு கைகளிலிருந்தும் தலையிலிருந்தும் இறங்கும் சிரைகள் யாவும் மார்பினுள் ஒரே பெருஞ்சிரையாக ஒன்றி இருதயத்தை அடைகின்றன. பல கிளைப் பாதைகள் ஒரு சந்திப்பில் கூடி ஒற்றைப் பாதையாக வெளியேறுவது போன்றது இது. அந்த ஒற்றைப் பாதையில் ஒரு சரக்குப் பெட்டி நின்றுவிட்டால் பின்னால் உள்ள வண்டிகள் அனைத்தும் நின்ற இடத்திலேயே நிற்கும். கை வீங்குவதும், கழுத்தும் முகமும் உப்புவதும், மார்பில் நரம்பு புடைப்பதும் அதனாலேயே. குருதி வேறு வழி தேடி அலைவதன் அடையாளமே அந்த நீல நரம்புகள்.

கட்டி இருந்த இடத்தில் இருந்தால் வீக்கத்தோடு போகும். பெயர்ந்து சென்றால் இருதயத்தின் வலப்புறம் புகுந்து நுரையீரலை அடைந்து அங்கே அடைக்கும். மூச்சுத் திணறலும் மார்பு வலியும் உண்டாகும். உயிர்க்கே இடையூறு நேரலாம். மூளைக்கு அது செல்வது வழக்கத்திற்கு மாறானது. ஏனெனில் இருதயத்தின் வலப்புறத்திற்கும் இடப்புறத்திற்கும் இடையே சுவர் உண்டு. ஆனால் நாம் தாயின் கருவில் இருந்தபோது அச்சுவரில் ஒரு சிறு வாயில் இருந்தது. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அது முற்றிலும் மூடுவதில்லை. அதனால் அவர்க்கு வாழ்நாள் முழுதும் ஒரு தீங்கும் நேராமற் போகலாம். சிரையில் கட்டி உள்ள காலத்தில், இருமும்போதோ முக்கும்போதோ அவ்வாயில் திறக்க, கட்டி இடப்புறம் தாவி மூளைக்குச் சென்றுவிடக் கூடும். எம் மைத்துனர்க்கு நேர்ந்தது அதுவே என்று மருத்துவர்கள் கருதினர். குழாயின் நுனியிலும் தோட்சிரையிலும் கட்டி இருந்தது; இருதயச் சுவரில் வாயிலும் இருந்தது.

கட்டியைப் போலவே காற்றும் அவ்வழியே செல்லலாம். குழாயின் மூடி கழன்றாலோ, கவ்வி திறந்திருந்தாலோ, குழாயை எடுக்கும்போது நோயாளி நிமிர்ந்து அமர்ந்திருந்தாலோ, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பெறும். ஆகையால்தான் குழாயை எடுக்கும்போது நோயாளியைப் படுக்க வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, எடுத்த இடத்தைக் காற்றுப் புகாத கட்டினால் மூடுகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டு, குழாயே கொடியது என்று யாரும் எண்ணிவிடல் ஆகாது. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் கைச் சிரையில் தாமே குழாயைச் செலுத்தி, அதனோடு நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுத்து, குழாய் இருதயத்தை அடைந்ததை உலகுக்குக் காட்டினார். அக்காலத்தில் அவர் பெற்றது பாராட்டினும் பழியே மிகுதி; 1956-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவ்வழியே வந்த குழாய்கள் இன்று எத்தனையோ உயிர்களைக் காக்கின்றன. புற்றுநோய் மருந்துகள் சிலவற்றைக் கைச் சிரையில் ஏற்றினால் சிரை வெந்துவிடக் கூடுமாதலின் அவற்றைப் பெருஞ்சிரைக்குக் கொண்டு செல்வது குழாயே. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெற்று வரும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கும் இத்தகைய குழாய் இன்றியமையாதது. குழாய் நண்பனே. ஆனால் அளவுக்கு மிஞ்சித் தங்கும் விருந்தினன் போல, வேண்டிய நாளுக்கு மேல் தங்கினால் அவனால் தொல்லையே.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு மாற்று வழியாகிய ஃபிஸ்டுலாவை 1966-இல் உலகுக்கு அறிவித்தவர் நியூயார்க் நகரத்துச் சிமினோ, பிரேசியா முதலிய மருத்துவர்கள். கையிலுள்ள தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் இணைத்துத் தைத்துவிட்டால், சிரை நாளடைவில் பருத்து வலுப்பெறும். அதில் அந்நியப் பொருள் எதுவும் இல்லை. நம் உடலே நமக்குக் குழாயாகிறது. அதனாலேயே கட்டியும் சீழும் அதில் மிகக் குறைவு.

நோய்க்கு அஞ்சி ஒடுங்குவோர்க்கும் ஒரு சொல். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1975-இல் சிறுநீரகம் பழுதுற்று மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கினார். அதன்பின் 1979 வரை வாழ்ந்து, நாட்டின் ஆட்சி மாற்றத்திற்கே காரணமாக இருந்தார். நம் தமிழ்நாட்டு முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்களுக்கு 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் அடுத்தடுத்து வந்தன. அவருக்குக் குழாயால் அது நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு, இரத்த அழுத்தம் முதலிய வேறு காரணங்களாலும் பக்கவாதம் எளிதில் வரும் என்பதற்கே இதனைக் கூறினோம். அண்ணன் மகள் லீலாவதி அளித்த சிறுநீரகத்தை நியூயார்க்கில் பெற்று, 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி, மீண்டும் முதல்வராகப் பணியாற்றியதை நாடே அறியும்.

இனி, நான்காம் கூறாகிய நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, குழாய் பொருத்திய நாளிலேயே "இது எத்தனை நாளைக்கு? எப்பொழுது எடுப்பீர்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். டயாலிசிஸ் நோயாளி எனில் ஃபிஸ்டுலாவுக்கு நாள் குறியுங்கள். அந்த நாளைப் பஞ்சாங்கம் தள்ளிப்போட இடம் கொடாதீர்கள்.

இரண்டாவது, சிரைகளைச் சேமியுங்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த நாள் முதல், ஃபிஸ்டுலாவுக்கு உரிய கையில் ஊசி குத்துவதையும் இரத்தம் எடுப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்; புறங்கையில் எடுக்கலாம். ஃபிஸ்டுலா செய்த கையில் இரத்த அழுத்தம் பார்த்தல் கூடாது. முழங்கையருகே நுழைத்து நெஞ்சுவரை செலுத்தும் நீண்ட மெல்லிய குழாயும் சிறுநீரக நோயாளிக்கு உகந்ததன்று என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

மூன்றாவது, நாள்தோறும் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம், வலி, நிற மாற்றம், மார்பில் புடைத்த நரம்பு, குழாயில் ஓட்டக் குறைவு, குளிருடன் காய்ச்சல் இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நீவிவிடாதீர்கள்! எண்ணெயும் ஒத்தடமும் வேண்டாம். கட்டி என்று உறுதியானால் உறையாமற் காக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் கொடுப்பர். குழாய் இன்னும் தேவையாக இருந்து சரிவர இயங்கினால், அதனை உடனே எடுக்காமலும் இருப்பர். எடுப்பதா வைப்பதா என்பது அவர் முடிவு. நாமாக மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஆகாது. உறையாமற் காக்கும் மருந்தே அளவு மீறினால் குருதிப் பெருக்கை உண்டாக்கும். அவற்றுள் ஒன்றாகிய வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, பின்னரே மனிதர்க்கு மருந்தாயிற்று என்பதை அறிந்தால் அளவின் அருமை விளங்கும்.

நான்காவது, முகம் கோணுதல், கை தளர்தல், சொல் குழறுதல் இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கடிகாரத்தைப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள், 108-ஐ அழையுங்கள். நோயாளிக்குக் காபியோ தண்ணீரோ கொடாதீர்கள், புரையேறும். மாத்திரையும் கொடாதீர்கள், அடைப்பா, குருதிக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால் அன்றித் தெரியாது. நம் தாய்மார்கள் பலர்க்கு மராத்தி சரளமாக வாராது. இந்த மூன்று சொற்களை மட்டும் மனனம் செய்யுங்கள்: "லக்வா ஜாலா ஆஹே". பக்கவாதம் வந்துவிட்டது என்பது அதன் பொருள். அதனோடு வீட்டு முகவரியையும் மராத்தியில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நம் பணியைச் சார்ந்த செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சிகிச்சைக்காக வேலூர், சென்னை செல்லும் சிறுநீரக நோயாளிக்கும் புற்றுநோயாளிக்கும், துணை செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்றிதழை உரிய படிவத்தில் பெற்றுக் கொணர்தல் வேண்டும். இதனை அறியாது முழுக் கட்டணம் செலுத்திச் செல்வோரை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பயணத்தில் குழாயின் மூடியும் கவ்வியும் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். உட்கார்ந்தே இராமல் அவ்வப்போது சிறிது நடக்கச் செய்யுங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய குழாயோடு இருப்போர் விரும்பினால், அவர் பெயரைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். மராத்தி நன்கு அறிந்த இளைஞர் நால்வர் அவர்களுக்குத் துணையாக மருத்துவமனை செல்ல முன்வரட்டும். ஊரை விட்டு வந்த நமக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லாம் இச்சங்கமே. நான்காம் கூறு இங்கே தனி மனிதராக இருந்தால் போதாது. சங்கமே அக்கூறாக ஆதல் வேண்டும். அந்த நோட்டின் முதற் பக்கத்தில் பெயர் எழுத, துணை செல்வோரில் ஒருவராக, நாம் ஆயத்தம்.

எம் மைத்துனர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே இவ்வளவும் பேசினோம். வலப்புறச் சிரை அடைபட்டுவிட்டமையால், பக்கவாதத்தில் தளர்ந்த அதே இடக் கையில் ஃபிஸ்டுலா செய்தனர். நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு சிறு ரப்பர்ப் பந்தை அக்கையால் பிசைந்து பயின்றார். முதல் மாதம் விரல்கள் பந்தைச் சுற்றி மூடவே இல்லை. பல நாள் பந்து கீழே உருண்டது. பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தனர். இன்று சிரையும் பழுத்தது. கையும் ஓரளவு மீண்டது. கழுத்துக் குழாய் எடுக்கப்பட்டுவிட்டது. ஊசி குத்தும்போது வலிக்கிறதா என்று அண்மையில் கேட்டோம். "வலிக்கிறது, மாப்பிள்ளை. வலிக்கட்டும்" என்றார்.

அச்சொல்லையே உங்கள்முன் வைத்து அமைகிறோம்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!